பெரியப்பா விட்டுட்டுப் போன மாஸ்-36: காட்டுப்பன்னி வேட்டைக்கு எடுத்துட்டுப் போகலாமா?

குருசுக்குப்பம் பேரன் · ஆகஸ்ட் 9

எல்லாருக்கும் வணக்கம். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன், இன்னும் மூணு வாரம் புதுச்சேரியிலதான். வேலை பிரான்ஸ்ல, ஒர்லெயான் பக்கம்.

எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இந்தோசீனாவுல இருந்தார், அப்புறம் அல்ஜீரியா. பெரியப்பாவும் பிரெஞ்சுப் பட்டாளம்தான். ரெத்ரெத் (பென்ஷன்) வாங்கிட்டு அங்கேயே தங்கிட்டார், போன வருஷம் தவறிட்டார். துப்பாக்கி சுடும் கிளப்புல முப்பது வருஷம் உறுப்பினரா இருந்தவர். அவர் வச்சிருந்த மாஸ்-36, பழைய பிரெஞ்சு ராணுவ ரைஃபிள், இப்ப எனக்கு வந்திருக்கு. துப்பாக்கிக் கடைக்காரர் வழியா முறைப்படி என் பேருக்கு மாத்தியாச்சு. வேட்டை உரிமமும் என்கிட்ட இருக்கு. ரெண்டு சீசனா நண்பர் ஒருத்தரோட 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியை வச்சுத்தான் பன்னி வேட்டைக்குப் போறேன்.

அக்டோபர்ல கூட்டு வேட்டை ஆரம்பிக்கும். இந்த ரைஃபிளோட போகணும்னு ஆசை. தாத்தா தோள்ல சுமந்த அதே ரகம். ஆனா மூணு சந்தேகம். இதுல சேஃப்டி பொத்தானே கிடையாது. பெரியப்பா பெட்டியில 1950-கள்ல செஞ்ச ராணுவத் தோட்டா நூத்துக்கு மேல கிடக்கு, அதைப் போட்டுச் சுடலாமா? இவ்வளவு வயசான இரும்பை நம்பலாமா? பழைய ராணுவத் துப்பாக்கியில வேட்டையாடின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் ஆர்மரர் · ஆகஸ்ட் 9

தம்பி, நான் இந்திய ராணுவத்தில் ஆர்மரராக (துப்பாக்கி பழுது பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்றவன். என் கையில் புரண்டது எல்லாம் 303 ரைஃபிளும், 1960-களில் இஷாப்பூர் தொழிற்சாலையில் 7.62-க்கு மாற்றிச் செய்த 2ஏ1-ம்தான். மாஸ்-36-ஐக் கையில் எடுத்ததில்லை. ஆனால் போல்ட் (கையால் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) உள்ள துப்பாக்கி எந்த நாட்டில் செய்தாலும் அதன் நோய்கள் ஒன்றுதான்.

முதலில் ஹெட்ஸ்பேஸ். போல்ட்டை மூடினால் தோட்டாவின் பின்பக்கத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதே அது. பல ஆயிரம் முறை சுட்ட துப்பாக்கியில், அல்லது போர் முடிந்தபின் வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டிவிட்டதில், இந்த இடைவெளி கூடியிருக்கலாம். கூடினால் பித்தளைக் கூடு நடுவில் கிழியும், வெடித்த சூடான வாயு பின்னால் உன் முகத்துக்கு வரும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவனாலும் முடியாது. 'கோ', 'நோ-கோ' என்று எஃகு கேஜ் (அளவுக்கட்டை) இருக்கிறது; முதலாவதில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. கேஜ் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடு. போல்ட்டில் உள்ள எண்ணும் ரிசீவர் (போல்ட் ஓடும் உடல் பகுதி) எண்ணும் ஒன்றா என்று அதற்கு முன் நீயே பார்த்துவிடு.

இரண்டாவது, குழல். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் கேப்பில் (அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சின்ன மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு படியும். அது நம் வீட்டு உப்பின் பங்காளி. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும். பிரிட்டிஷ் ராணுவத்தில் குழலுக்குள் கொதிதண்ணீர் ஊற்றவே தனிப் புனல் கொடுத்தார்கள். தண்ணீர், பிறகு உலர்ந்த சிந்தி (கிழித்த துணித்துண்டு), பிறகு எண்ணெய். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பெட்டியில் கிடக்கும் தோட்டாவை வேட்டைக்குக் கொண்டுபோகாதே. காரணம் பெரிது, நாளை எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம் டு டெக்சாஸ் · ஆகஸ்ட் 10

ப்ரோ, கவலைப்படாம எடுத்துட்டுப் போங்க. நான் இங்க ஹூஸ்டன்ல பதினஞ்சு வருஷமா இருக்கேன். என் முதல் ரைஃபிள் ரஷ்யாவோட மோசின்-நகாந்த் 91/30. வாங்கறப்ப உள்ளயும் வெளியயும் காஸ்மோலின்ங்கற துருத்தடுப்பு கிரீஸ், காய்ஞ்ச வேப்பம்பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கட்டையைக் கழட்டி வெயில்ல வச்சு, இரும்பைச் சுடுதண்ணியில முக்கி, ரெண்டு நாள் ஆச்சு கழுவி முடிக்க. அதுல பன்னி அடிச்சிருக்கேன். இங்க காட்டுப்பன்னி பெரிய தொல்லை, 2019-லிருந்து தனியார் நிலத்துல உரிமையாளர் அனுமதி இருந்தா பன்னிக்கு வேட்டை லைசென்ஸே தேவையில்ல.

இப்ப கையில இருக்கறது ஸ்வீடிஷ் மவுசர், 6.5-க்கு 55 தோட்டா போடறது. ராணுவ ரைஃபிள்ல வேட்டைக்குன்னே பொறந்தது எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். உதைக்காது, நேரா போகும். அந்த ஊர்க்காரங்க அதே தோட்டாவுலதான் நூறு வருஷத்துக்கு மேலா மூஸ் மான் அடிக்கறாங்க.

ராணுவத் தோட்டா பத்தி ஆர்மரர் ஐயா சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. முழு உறை போட்ட தோட்டாவுலயும் பன்னி சாகும். பட வேண்டிய இடத்துல பட்டாப் போதும்.

மஞ்சக்குப்பம் ஆர்மரர் · ஆகஸ்ட் 10

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ராணுவத் தோட்டா ஏன் முழுவதும் செம்பு உறைக்குள் இருக்கிறது? விலங்கைச் சுலபமாகக் கொல்வதற்காக அல்ல. 1890-களில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் 303 தோட்டாவின் மூக்கில் ஈயம் தெரியும்படி விட்டுச் செய்தார்கள். சதையில் பட்டதும் அது காளான் மாதிரி விரியும். அந்தப் புண்ணின் கொடுமையைப் பார்த்துத்தான் 1899-இல் ஹேக் மாநாட்டில் விரியும் தோட்டாவைப் போரில் பயன்படுத்தக் கூடாதென்று பிரகடனம் வந்தது. அதனால்தான் போர்வீரனின் தோட்டா இன்றும் மூடிய மூக்கோடு வருகிறது. மனிதனுக்கு அந்தக் கொடுமை வேண்டாம் என்று வைத்த விதி அது.

அதே தோட்டா பன்றிக்குப் போனால் என்ன ஆகும்? எலும்பில் படாவிட்டால் பென்சில் பருமனுக்கு ஒரு ஓட்டை போட்டு மறுபக்கம் வெளியேறும். ரத்தம்கூட வெளியே அதிகம் சிந்தாது. பன்றி ஓடிவிடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு புதரில் படுத்து இரவெல்லாம் சாகும். போரில் கருணையாக இருப்பது வேட்டையில் சித்திரவதை. வேட்டையில் விரிகிற தோட்டாதான் கருணை. அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு முழு உறைத் தோட்டா கூடாதென்று விதி இருப்பது சும்மா இல்லை.

அதோடு ராணுவத் தோட்டா ஒரு பன்றிக்குள் நுழைந்து வெளியே வந்தபின்னும் வேகம் அதிகம் குறையாமல் போகும். பின்னால் இன்னொரு பன்றி இருக்கலாம், ஆள் இருக்கலாம்.

தம்பி, உன் துப்பாக்கிக்கான 7.5 பிரெஞ்சுத் தோட்டாவைச் செர்பியாக்காரர்கள் இன்றும் விரிகிற மென்மூக்கோடு செய்கிறார்கள், 139 கிரெய்ன் எடை. பெட்டி விலை பார்த்துத் தயங்காதே. குழலை விட்டு வெளியேறும்போது மூவாயிரம் ஜூலுக்குக் கிட்டே இருக்கும். பன்றிக்கு அது தாராளம்.

வைசியாள் வீதி · ஆகஸ்ட் 11

தம்பி, உங்களுக்கு அக்கா வயது இருக்கும் எனக்கு. என் அப்பாவும் சொல்தா. ஒவ்வொரு ஜூலை 14-க்கும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்குப் போவார், நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போவேன். வீட்டில் ஒருநாளும் துப்பாக்கியைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, நான் கல்லூரியில் படிக்கும்போது கேட்டேன். "அது பாரம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்தத் துப்பாக்கி எந்தெந்த வயல்களில் யாரை நோக்கி நீண்டதோ. அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. சட்டப்படி சரியாக இருக்கலாம். தாத்தாவின் நினைவு என்கிறீர்கள். அவர் அதை இறக்கி வைத்ததும் ஒரு நினைவுதான் இல்லையா? கோபத்தில் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள்.

குருசுக்குப்பம் பேரன் · ஆகஸ்ட் 11

அக்கா, நீங்க எழுதினதை ராத்திரி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தாத்தாவும் அப்படித்தான், பேச மாட்டாராம்.

ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். இது தாத்தா கையில இருந்த துப்பாக்கி இல்லை. பெரியப்பா பின்னாடி வாங்கினது, அதே ரகம். அது எங்கெல்லாம் போச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதால அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாது.

ஆனா அங்க பன்னியை யாராவது சுட்டே ஆகணும் அக்கா. பிரான்ஸ்ல வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேல சுடறாங்க, அப்படியும் குறையலை. நான் இருக்கற கிராமத்துல மக்காச்சோள வயல் ஒரே ராத்திரியில உழுத மாதிரி கிடக்கும். சுட்டதைச் சாப்பிடறோம், வீணாக்கறதில்லை. எந்தத் துப்பாக்கியாலங்கறதுதான் கேள்வி. யோசிக்கறேன்.

வேப்பூர் சோளக்காடு · ஆகஸ்ட் 12

அண்ணே வணக்கம். நீங்க அங்க சுடறீங்க, நாங்க இங்க பாத்துக்கிட்டு நிக்கிறோம். எனக்கு ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் புடிக்கிற நேரம் பாத்து பன்னி வரும். தின்னுட்டுப் போனாக்கூட பரவால்ல, தண்டை மிதிச்சுச் சாச்சுட்டுப் போயிரும். சுத்தி பழைய சேலை கட்டுறோம், ராத்திரி தகரம் தட்டுறோம். முதல் பத்து நாள் பயப்படும், அப்புறம் பழகிடும்.

ஊர்ல சில பேரு அவுட்டுக்காய் வைக்கிறான். தீனிக்குள்ள வெடிமருந்து. பன்னி கடிச்சா வாய் சிதறும், சாகாது, ஓடிப்போயி பட்டினியா கெடந்து சாகும். மாடும் கடிச்சிருக்கு, நாயும் கடிச்சிருக்கு. கரண்ட் வேலி போட்டு மனுசனே செத்திருக்கான். இதுக்கெல்லாம் ஒரு நல்ல துப்பாக்கி, ஒரே வெடி, எவ்வளவோ மேல்னு தோணுது. நமக்கு ஏன் அந்த அனுமதி இல்ல? பழைய 303 எல்லாம் போலீஸ்ல சும்மாதானே கிடக்கு?

லாஸ்பேட்டை வக்கீல் · ஆகஸ்ட் 12

வேப்பூர் நண்பரின் வலி நியாயமானது. ஆனால் யாரும் ஆசையில் தவறு செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டத்தைச் சொல்கிறேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அதன் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில், இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். விவசாயி சுடலாம் என்று எங்கும் இல்லை. சேதம் நடந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் மனுக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பதிவே இருக்காது.

303 பற்றி: இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட குழல் அளவு (போர்). குடிமகனுக்குக் கிடைக்காது. இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ராணுவத் தோட்டா நாட்டு மக்கள் கையில் சேரக் கூடாது என்பது பிரிட்டிஷ்காரனின் பயம். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா போய்விடும் என்று அஞ்சி 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் 450 அளவுத் தோட்டாவையே தடுத்தான். வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் கம்பெனிகள் இந்தியாவுக்காகவே 465, 470 என்று புதுப் புதுத் தோட்டா கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இன்று லைசென்சோடு நம்மவர்கள் வைத்திருக்கும் 315-ம் அந்த வழியில் வந்ததுதான். அது ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் ராணுவத் தோட்டா. நம் ராணுவம் அதைப் பயன்படுத்தாததால் நம்மூரில் குடிமகனுக்கு ஆகலாம் என்று ஆனது.

இதில் வியப்பு என்னவென்றால் பிரெஞ்சுக்காரனும் இதையே செய்தான். 1939 ஆணையிலிருந்து 2013 வரை அங்கே 7.5, 303, 8-க்கு 57 மவுசர் எல்லாம் போர் ஆயுதம். வேட்டைக்காரன் தொட முடியாது. அதனால்தான் பழைய ஜெர்மன் மவுசர்களின் அறையைக் கொஞ்சம் நீளமாகக் கடைந்து 8-க்கு 60 ஆக்கி ஓட்டினார்கள். 2013 செப்டம்பர் 6-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகே இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை வந்திருக்கிறது. பெரியப்பா அந்தத் துப்பாக்கியைக் கிளப்பில் மட்டும் சுட்டதற்கும், வேட்டைக்குக் கொண்டுபோகாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். அந்தத் துப்பாக்கியையோ, பெட்டியில் கிடக்கும் ஒரு தோட்டாவையோ நினைவுக்காகக்கூடப் புதுச்சேரிக்குக் கொண்டுவராதீர்கள். பையில் ஒரே ஒரு தோட்டா அகப்பட்டு விமான நிலையத்தில் வழக்கானவர்களுக்காக நான் நின்றிருக்கிறேன்.

குருசுக்குப்பம் பேரன் · ஆகஸ்ட் 17

நேத்து பஸ் ஏறி மஞ்சக்குப்பம் போனேன். ஆர்மரர் ஐயா வாசல்ல காத்துக்கிட்டு இருந்தார். போல்ட், குழல் முனை, தோட்டா அறை எல்லாத்தையும் பிரான்ஸ்ல இருக்கற மச்சானை எடுக்கச் சொல்லி போன்ல படம் வாங்கி வச்சிருந்தேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தார்.

அவர் சொன்னதுல பாதி சேஃப்டி பத்தி. மாஸ்-36-ல பூட்டு கிடையாது, அதனால அந்தக் காலத்துல சொல்தாக்களுக்கே அறையைக் காலியா வச்சுத்தான் நடக்கச் சொல்லிக் கொடுத்திருப்பாங்கன்னார். பெரியப்பாவும் எனக்கு அதையேதான் சொல்வார், அப்ப காதுல விழலை. "மெகசின்ல அஞ்சு இருக்கட்டும், அறையில ஒண்ணும் வேண்டாம். உன் இடத்துல நின்னு, வேட்டை ஆரம்பிக்கற கொம்பு ஊதினதும், பன்னியைக் கண்ணால பாத்தபிறகு போல்ட்டைத் தள்ளு. அதுக்குள்ள பன்னி போயிட்டா போகட்டும்"னார் ஆர்மரர் ஐயா. ஒரு துடைப்பக்கட்டையைக் கையில கொடுத்து, தோள்ல வைக்கறது, போல்ட் தள்றது, இறக்கறதுன்னு அம்பது தடவை செய்ய வச்சார்.

அப்புறம் உள்ளே போய் கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்து திண்ணையில பன்னி வரைஞ்சார். நெஞ்சாங்கூடு, நுரையீரல், இதயம். நாம நினைக்கறதைவிட இதயம் ரொம்பக் கீழே, ரொம்ப முன்னாடி இருக்கு, முன்னங்காலுக்கு நேர் மேல. கிழட்டு ஆண்பன்னிக்குத் தோள் மேல விரல் தடிமனுக்குக் கெட்டித் தோல் இருக்கும், கேடயம் மாதிரி. முதுகுமேட்டைப் பாத்துச் சுட்டா மயிரும் கொழுப்பும்தான். அந்தக் கோலத்தை அழிக்க மனசே வரலை எனக்கு.

கட்டையை அறுத்துச் சின்னதாக்கி ஸ்கோப் மாட்டலாமான்னு கேட்டேன். முகம் வாடிடுச்சு. "அறுத்தா ஒட்டாது தம்பி. அது உன் தாத்தா ரகம்னு சொல்லிட்டு ஏன் அறுக்கற?"ன்னார். அறுக்கலை.

தேவனாம்பட்டினம் டு டெக்சாஸ் · ஆகஸ்ட் 18

ஐயா எழுதினதை நாலு தடவை படிச்சேன். ஒண்ணு சொல்லாம மறைச்சுட்டேன், சொல்லிடறேன். மோசின்ல ராணுவத் தோட்டா போட்டு நான் சுட்ட பன்னிங்க ஆறு. கிடைச்சது நாலு. ரெண்டு கிடைக்கவே இல்ல. ஒண்ணை டார்ச் வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் தேடினோம். குறி தப்பிச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தப்பலை, பட்ட சத்தம் காதால கேட்டேன். இனிமே மென்மூக்குதான்.

குருசுக்குப்பம் பேரன் · நவம்பர் 23

இழையைத் திரும்ப எழுப்பறேன், கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்ல.

துப்பாக்கி மெக்கானிக் கேஜ் வச்சுப் பாத்தார். நோ-கோவுல போல்ட் மூடலை, நல்லது. ஆனா அறைக்கு முன்னாடி ரெண்டு விரக்கடை தூரத்துக்கு அரிப்பு, கருப்புப் புள்ளி புள்ளியா. ஆர்மரர் ஐயா சொன்ன உப்புதான். பெரியப்பா எண்ணெய் மட்டும் போட்டிருக்கார் போல. சுடத் தடையில்லைன்னு மெக்கானிக் சொன்னார். பெட்டியில இருந்த ராணுவத் தோட்டாவை அங்கேயே ஒப்படைச்சுட்டேன்.

ரேஞ்சுல நாப்பது தோட்டா சுட்டேன், எல்லாம் புது மென்மூக்கு. இந்த ரைஃபிளோட பின்குறி (கண்ணுக்குப் பக்கத்துல இருக்கற, குறிபார்க்கற துளைத் தகடு) 200 மீட்டர்ல ஆரம்பிக்குது, அதுக்குக் கீழே இல்லை. 60 மீட்டர்ல நாலு விரக்கடை மேல படுது. இடது வலது திருத்த திருகும் கிடையாது, வேற துளை போட்ட தகட்டை மாத்தணும். எனக்கு நேராவே இருந்துச்சு. அந்த வட்டத் துளைக்குறி வேகமா ஓடற பன்னிக்கு நான் நினைச்சதைவிட நல்லா இருக்கு, கண்ணு தானா நடுவுல போய் உக்காருது.

முதல் மூணு ஞாயிறு சுடவே இல்லை. ஒரு தடவை பெரிய கூட்டம் முன்னாலயே போச்சு, ஆனா பக்கத்து ஆள் பக்கமா, சுடக் கூடாத 30 டிகிரி கோணத்துக்குள்ள. இன்னொரு தடவை போல்ட் தள்றதுக்குள்ள போயிடுச்சு. நாலாவது ஞாயிறு, ஒத்தை ஆண்பன்னி, வயசு ரெண்டு இருக்கும், பாதையைத் தாண்டி என்னைக் கடந்துச்சு. நாப்பது அடி தூரம், பின்னால மண்மேடு. கோலத்துல பாத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே பிடிச்சேன். இருபது தப்படி ஓடி விழுந்துச்சு. கிட்டப் போகறதுக்குள்ள உயிர் இல்லை.

நாக்குத் துண்டை டிரிக்கினெல்லா புழு சோதனைக்கு அனுப்பி, சரின்னு வந்தபிறகுதான் ஊர்ல பங்கு போட்டோம். உறைய வச்சா எல்லா வகைப் புழுவும் சாகாது, அதனால என் பங்கை மிளகு போட்டு ரொம்ப நேரம் வேக வச்சேன்.

வைசியாள் வீதி அக்கா, நீங்க கேட்டது அங்க நிக்கறப்ப ஞாபகம் வந்துச்சு. சுட்டதும் கை நடுங்கிச்சு, 12 போர்ல அப்படி ஆனதில்லை. அடுத்த வாரம் இந்த ரைஃபிளை எடுத்துட்டுப் போகலை. அடுத்த வருஷம் எடுப்பேனான்னு இப்ப சொல்லத் தெரியலை.

வைசியாள் வீதி · நவம்பர் 23

எழுதியதற்கு நன்றி தம்பி. சுட்ட துப்பாக்கியை அப்படியே வைத்துவிடாதீர்கள். அப்பா பெட்டியில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் ஒரு எண்ணெய்ப் புட்டியும் சுருட்டிய துணியும் கடைசிவரை இருந்தன.

மஞ்சக்குப்பம் ஆர்மரர் · நவம்பர் 24

புதுத் தோட்டாவின் கேப்பில் அந்த உப்பு இல்லை, கொதிதண்ணீர் தேவையில்லை. ஆனால் அரிப்புக் குழிகளில் செம்பு படியும், அதற்குத் தனிக் கரைசல் போட்டு ஊறவிட்டுத் துடை. சிந்தி வெள்ளையாக வரும்வரை துடை. மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு சிந்தி இழுத்துப் பார், பச்சையாக வந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஊருக்கு வரும்போது அந்தச் சிந்தியைப் படம் எடுத்துக்கொண்டு வா, பார்க்கிறேன்.